அப்பாவின் சீனி ஏன் இறங்கவில்லை? ஒரு வாசகியின் கேள்வியும் மருத்துவரின் பதிலும்

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. வெல்லாவெளிப் பக்கத்தில் வேளாண்மை செய்கிறார். ஒன்பது வருடங்களாக நீரிழிவு இருக்கிறது. மெற்போமின், கிளிக்லசைட் குளிசைகளோடு கடந்த ஆண்டிலிருந்து காலையும் இரவும் கலப்பு இன்சுலினும் போடுகிறார். கிளினிக் நாட்களில் வெறுவயிற்றுச் சீனி 120, 130 என்றுதான் வருகிறது. ஆனால் அண்மையில் எடுத்த எச்பிஏ1சி 10.8. சென்ற அறுவடைக் காலத்தில் ஒருநாள் வயலில் வியர்த்து நடுங்கி விழுந்துவிட்டார். நான் கல்லடியில் இருக்கும் ஓர் ஆசிரியை. கிளினிக்கில் தந்த துண்டுப்பிரசுரங்கள், இணையத்தில் எடுத்த உணவு அட்டவணை, வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். கட்டாரில் இருக்கும் தம்பி குளுக்கோமீற்றர் ஒன்றை அனுப்பி, கைபேசியில் ஒரு செயலியையும் போட்டுத் தந்திருக்கிறான். அப்பா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். இந்தக் கல்விச் சாதனங்களில் உண்மையில் எது பயன்படும்? ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போக வேண்டும் என்கிறார், விடலாமா? அவரை என்னோடு அழைத்து வந்து வைத்துக்கொள்வது நல்லதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையேடுகளைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தாலும், உங்கள் கடிதத்தில் முதலில் கவனிக்க வேண்டியவை அப்பாவின் இரண்டு எண்கள்தான். கிளினிக் நாளில் வெறுவயிற்றுச் சீனி 120, 130, எச்பிஏ1சியோ 10.8. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. 10.8 என்றால், அந்த மாதங்களில் அவருடைய குருதிச் சீனி சராசரியாக டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 263 மில்லிகிராமில் நின்றிருக்கிறது என்று பொருள். கிளினிக் காலையில் 125 ஆக இருப்பவர் ஏனைய நேரங்களில் 300ஐத் தாண்டாமல் இந்தச் சராசரி வராது. ஆகவே, உங்கள் அப்பாவின் நாளில் நீங்களும் மருத்துவரும் பார்க்காத ஒரு பகுதி இருக்கிறது.

அதற்குச் சில காரணங்கள் இருக்கலாம். கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, ஊசியையும் குளிசையையும் ஒழுங்காக எடுப்பது நம்மிடையே பரவலாக உள்ள வழக்கம். இதை யாரும் ஏமாற்றும் நோக்கத்தோடு செய்வதில்லை, ஏச்சு வாங்கக்கூடாது என்ற பயத்தில் செய்கிறார்கள். இரண்டாவது, காலைச் சீனி உண்மையிலேயே நன்றாக இருந்து, சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது ஏறிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது, எச்பிஏ1சி சில வேளைகளில் தவறாகவும் காட்டும்: இரும்புச்சத்துக் குறைவினால் வரும் இரத்தசோகை அதை உயர்த்திக் காட்டக்கூடும், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு, சிறுநீரக நோய், அண்மையில் இரத்தம் ஏற்றியது போன்றவையும் அதைக் குழப்பும். அடுத்த கிளினிக்கில் ஈமோகுளோபின் அளவையும் பார்க்கும்படி கேளுங்கள். இந்த மூன்றில் எது என்பதை எந்தத் துண்டுப்பிரசுரமும் சொல்லப்போவதில்லை. அப்பாவின் சொந்த நாளைக் கடதாசியில் கொண்டுவரும் சாதனம் மட்டுமே சொல்லும். நீங்கள் சேர்த்து வைத்திருப்பவற்றை நான் தரம் பிரிப்பதும் இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான்: அது அவருடைய நாளைக் காட்டுகிறதா, அதைப் பார்த்து அவர் ஒரு முடிவை எடுக்க முடிகிறதா?

நீரிழிவுக் கல்வி பயன் தருமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஆம் என்றே சொல்கின்றன. ஆனால் அவை சொல்லும் கல்வி, கையில் கொடுத்து அனுப்பும் கடதாசி அல்ல. 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002 ஆம் ஆண்டில் வெளியான ஒரு தொகுப்பாய்வில், எச்பிஏ1சியை ஒரு புள்ளி இறக்குவதற்கு, கற்பிப்பவரும் நோயாளியும் ஒன்றாக இருந்து செலவிட்ட நேரம் ஏறக்குறைய 24 மணித்தியாலங்கள் தேவைப்பட்டிருந்தது. கற்பித்து முடிந்த உடனே 0.76 புள்ளி அளவில் இருந்த பயன், சில மாதங்களில் 0.26 ஆகத் தேய்ந்தும் போயிருந்தது. விடியற்காலையில் பஸ் ஏறி வந்து, இலக்கம் எடுத்து, நண்பகல் வரை வாங்கில் காத்திருந்து, மருத்துவரின் முன்னால் சில நிமிடங்கள் மட்டும் இருந்துவிட்டுப் போகும் ஒருவருக்கு அந்த 24 மணித்தியாலம் கிளினிக்கில் கிடைக்க வாய்ப்பில்லை. அது வீட்டில்தான் கிடைக்க வேண்டும். தொழிலால் ஆசிரியையான நீங்கள் அதற்குப் பொருத்தமானவர். ஆனால் வகுப்பறையில் செய்வதுபோலச் சொல்லிக் கொடுப்பதை விட்டு, கேட்டும் பார்த்தும் தொடங்க வேண்டும்.

குளுக்கோமீற்றரில் தொடங்குங்கள். தம்பி அனுப்பியவற்றுள் மிகவும் பெறுமதியானது அதுவே. பெரும்பாலான வீடுகளில் மிகவும் வீணாகப் பயன்படுவதும் அதுவே. தினமும் காலையில் எழுந்து ஒருமுறை குத்திப் பார்த்து, எண் நன்றாக இருந்தால் மகிழ்ந்து, கூடியிருந்தால் கவலைப்பட்டு, இரண்டுக்கும் பிறகு ஒன்றையும் மாற்றாமல் விடுவதால் இரத்தத் துளி வைக்கும் பட்டையான ஸ்ட்ரிப் மட்டும் தீரும். அப்பாவின் காலைச் சீனி ஓரளவு நமக்குத் தெரியும். தெரியாதது மற்ற நேரங்கள். எனவே சோடியாகப் பாருங்கள்: ஒரு சாப்பாட்டைத் தெரிவு செய்து, சாப்பிடத் தொடங்கும் முன் ஒன்று, தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. முதல் இரண்டு நாள் மதியச் சோற்றுக்கு, அடுத்த இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு, பிறகு இரண்டு நாள் காலை உணவுக்கு. இவ்வளவுக்கும் 12 ஸ்ட்ரிப் போதும். இரவு இன்சுலின் போடுபவராகையால், ஏதாவது இரண்டு நாட்களில் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். தூக்கத்தில் சீனி இறங்குவது பெரும்பாலும் வேறு வழியில் தெரியவராது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், இரண்டு மணித்தியாலத்தின் பின் 180க்குக் கீழும் இருப்பது இலக்கு. அப்பாவுக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் தீர்மானிப்பார். ஆனால் இலக்கைவிட இந்த வேறுபாடுதான் உங்களுக்குப் பாடம் சொல்லும். முன்னால் 140, பின்னால் 290 என்று வந்தால் பிரச்சினை கோப்பையில் இருக்கிறது. முன்னாலேயே 260 என்று வந்தால் அந்தச் சாப்பாட்டின்மேல் பழி போட முடியாது, முந்திய ஊசியைத்தான் ஆராய வேண்டும். குத்துவதற்கு முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். மாம்பழம் தொட்ட விரலில் எடுத்த இரத்தம் பொய்யான எண்ணைக் காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும், ஏனெனில் நம்முடைய ஈரக்காற்றில் திறந்து கிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது.

இந்த எண்களைச் செயலியில் பதியாமல் சுவரில் எழுதுங்கள். ஒரு பெரிய கடதாசியில் கட்டங்கள் போட்டு, மேலே சூரியன், சோற்றுக் கோப்பை, பிறை என்று படம் வரைந்து, 70க்குக் கீழே வந்தால் நீலம், 180க்கு மேலே வந்தால் சிவப்பு, நடுவில் இருந்தால் பச்சை என்று அப்பாவே நிறம் தீட்டட்டும். மூன்றாம் வகுப்புப் படிப்பை நீங்கள் ஒரு குறையாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மூடைக் கணக்கையும் உரக் கணக்கையும் உழவுக் கூலியையும் மனதிலேயே போட்டு முடிக்கும் மனிதருக்கு எண் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். அவருக்குத் தடையாக இருப்பது நீண்ட வாக்கியங்களும் பழக்கமில்லாத மருத்துவச் சொற்களும்தான். ஒரு வாரம் முடிந்ததும், எந்த நேரத்தில் சிவப்புக் கூடியிருக்கிறது என்பதை அவரிடமே கேளுங்கள். நீங்கள் சொல்வதற்கும் அவராகக் கண்டுபிடிப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அடுத்த எச்பிஏ1சியில் தெரியும்.

இனி, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன, என் பார்வையில் மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். அப்பா வயலில் வியர்த்து நடுங்கி விழுந்தது, சீனி அளவுக்கு மீறி இறங்கியதனால்தான் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இன்சுலினும் கிளிக்லசைட்டும் இரண்டுமே சீனியை இறக்குபவை; காலையில் இரண்டையும் எடுத்துக்கொண்டு, சாப்பாடு வயலுக்கு வரப் பிந்திய ஒரு நாளில், வெயிலில் நின்று வேலை செய்தால் அது நடக்கும். அப்படி ஒருமுறை விழுந்து எழும்பிய மனிதர், வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஊசியைக் குறைப்பதோ விடுவதோ வழக்கம். நான் பார்த்தவரையில், இன்சுலின் தொடங்கியும் சீனி இறங்காதவர்களிடம் முதலில் தேட வேண்டியது இந்தப் பயத்தைத்தான். அதைக் குற்ற விசாரணைபோலக் கேட்டால் உண்மை வராது. "அப்பா, வயலுக்குப் போற நாளில ஊசி போடப் பயமா இருக்கா? போன கிழமை எத்தனை நாள் போட முடியாமப் போச்சு?" என்று, விடுபட்டிருப்பது இயல்புதான் என்ற தொனியில் கேட்டுப் பாருங்கள். வாயால் கேட்காமல் அறிய ஒரு கணக்கும் இருக்கிறது. மில்லிலீற்றருக்கு 100 யூனிட் வீதம் 10 மில்லிலீற்றர் கொண்ட ஒரு குப்பியில் 1000 யூனிட் இருக்கும். உதாரணமாக, காலையில் 20, இரவில் 14 என்று ஒருவர் நாளுக்கு 34 யூனிட் போடுவாரானால், அந்தக் குப்பி ஏறக்குறைய 29 நாட்களில் முடிந்துவிட வேண்டும். அது இரண்டு மாதத்துக்கு வந்தால் பாதி மருந்துதான் உடலுக்குள் போயிருக்கிறது. திறந்த திகதியைக் குப்பியில் ஒட்டி எழுதி வையுங்கள். திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்குப் பிறகு பயன்படுத்தக்கூடாது என்பதற்கும் அதே திகதி உதவும்.

அந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்காமல் அளவைக் கூட்டுவதில் பலனில்லை. அப்பாவின் சேட்டுப் பையிலோ மோட்டார் சைக்கிளின் பெட்டியிலோ வயல் வாடியிலோ எப்போதும் ஒரு சிறு பொதி சீனி இருக்க வேண்டும். கைநடுக்கம், திடீர் வியர்வை, கடும் பசி, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் என்று எது வந்தாலும் வேலையை நிறுத்தி உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணித்தியாலத்தில் குறையாவிட்டால் இன்னொருமுறை குடிக்க வேண்டும். தெளிந்த பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். பால் தேநீர், சொக்கிலேற், பிஸ்கட் ஆகியவை இந்த வேலைக்கு மெதுவானவை. மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஒன்றையும் ஊற்றக்கூடாது; ஒருக்களித்துப் படுக்க வைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைப் பக்கத்து வயல்காரருக்கும் சொல்லிக் கொடுங்கள், ஏனெனில் விழும் வேளையில் அருகில் நிற்கப்போகிறவர் அவர்தான், நீங்களோ அம்மாவோ அல்ல. அதைவிட முக்கியமாக, உழவு, விதைப்பு, வெட்டு நாட்களில் எவ்வளவு ஊசி, வீட்டில் இருக்கும் நாட்களில் எவ்வளவு என்று இரண்டு அளவுகளைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்போக வெட்டு நாளுக்கும், மழையில் முடங்கிக் கிடக்கும் நாளுக்கும் ஒரே அளவு பொருந்தாது. இன்சுலினோடு கிளிக்லசைட் தொடர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்கலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஊசி போடும் முறையைப் பார்ப்பது அடுத்த வேலை. சான்பிரான்சிஸ்கோவில், எழுத்தறிவு குறைந்த நீரிழிவு நோயாளிகளோடு மருத்துவர்கள் பேசியதைப் பதிவு செய்து ஆராய்ந்து 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், புதிதாகச் சொன்ன விடயங்களில் 12 விழுக்காட்டில் மட்டுமே, நோயாளிக்கு அது விளங்கியதா என்று மருத்துவர்கள் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்கும் மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சீனிக் கட்டுப்பாடும் நன்றாக இருந்தது. செலவேயில்லாத இந்த முறையை நான் எல்லா அச்சுச் சாதனங்களுக்கும் முன்னால் வைப்பேன். "விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் தலையாட்டுவார்கள். "எனக்குப் பழக்கித் தாங்கோ, உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் போட வேணுமே" என்று சொல்லி, அவர் ஆசிரியராக இருந்து செய்து காட்டும்படி கேளுங்கள்.

அவர் செய்யும்போது குறுக்கிடாமல் சில விடயங்களைக் கவனியுங்கள். கலப்பு இன்சுலின் அடியில் படியும், உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டி, முழுவதும் ஒரேமாதிரி வெண்மையான பிறகே எடுக்க வேண்டும், குலுக்கக்கூடாது. குப்பியில் உள்ள யூனிட் குறியும் ஊசியில் உள்ள குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். ஊசியின் கோடுகள் அவருக்குத் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இத்தகைய இன்சுலினைச் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். போட்டுவிட்டு மாடு பார்க்கப் போய்விட்டு வந்து சாப்பிடுவதும், சாப்பிட்டு முடித்த பிறகு நினைவு வந்து போடுவதும் இரண்டுமே சீனியைத் தாறுமாறாக்கும். வயிற்றைத் தடவிப் பாருங்கள். வலிக்காத இடம் என்று ஒரே இடத்திலேயே குத்திக்கொண்டிருந்தால் தோலுக்குக் கீழே கட்டிபோலத் தடிப்பு உண்டாகும். அதற்குள் போட்ட மருந்து ஒருநாள் சேரும், ஒருநாள் சேராது. தடிப்பு இருந்தால் அந்த இடத்தை விட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு விரலகலம் தள்ளிப் போடப் பழக்க வேண்டும். ஆனால் நல்ல இடத்துக்கு மாறியதும் மருந்து முழுமையாகச் சேர்ந்து சீனி சடுதியாக இறங்கக்கூடும் என்பதால், மாறுவதற்கு முன்னரே மருத்துவரிடம் சொல்லி அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குப்பியை எங்கே வைத்திருக்கிறார்? திறக்காத குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உறையும் தட்டில் வைக்கக்கூடாது, ஒருமுறை உறைந்த இன்சுலின் வீண். பெட்டி இல்லாத வீட்டில், ஒரு பெரிய மண்முட்டிக்குள் சிறிய மண்முட்டியை வைத்து, இடையில் ஈரமணலை நிரப்பி, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தால் நீர் ஆவியாகி உள்ளே குளிர்ச்சி நிற்கும். கூரைத் தகட்டின் கீழ், சாமிப்படத் தட்டில், பகல் முழுவதும் கொதிக்கும் அறையில் வைத்த இன்சுலின் வலுவிழந்துவிடும். பிறகு எவ்வளவு போட்டும் சீனி இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவோம்.

உணவுக்கு வருவோம். ஓட்ஸும் சப்பாத்தியும் முளைகட்டிய பயறும் எழுதியிருக்கும் அந்த இணைய அட்டவணையை எடுத்து வைத்துவிடுங்கள். வெல்லாவெளியில் சொந்த நெல்லைக் குற்றிச் சாப்பிடுகிற ஒருவரின் வீட்டுக்கு அது பொருந்தாது. பொருந்தாத ஒன்றைக் கொடுக்கும்போது, "என்னால் முடியாது" என்ற எண்ணத்தைத்தான் சேர்த்துக் கொடுக்கிறோம். பதிலாக மூன்று நாட்களுக்கு அப்பாவின் கோப்பையை ஒவ்வொரு வேளையும் கைபேசியில் படம் எடுக்கும்படி அம்மாவிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ சொல்லுங்கள். செயலியைவிட அந்தப் படங்கள் மருத்துவருக்குப் பயன்படும். பிறகு, அவர் வழக்கமாகச் சாப்பிடும் அதே கோப்பையில், சோற்றை ஒரு கால்பாகத்துக்குள் நிறுத்தி, இன்னொரு கால்பாகத்தில் மீனோ முட்டையோ பருப்போ வைத்து, மீதிப் பாதியைக் கீரை, வெண்டிக்காய், கத்தரிக்காய், பயிற்றங்காய், பாவற்காய், சம்பல் என்று நிரப்ப முடியுமா என்று பாருங்கள். உடல் வேலை செய்யும் ஒருவருக்கு முதல் நாளே சோற்றைக் கால்பாகமாக்கினால் பசி தாங்காது, ஊசி போட்டவருக்கு அது ஆபத்தும்கூட. சோறு போடும் அகப்பையையோ கப்பையோ நிலையாக ஒன்றாக வைத்துக்கொண்டு, வாரத்துக்கு அரைக் கப் என்று குறைத்து, சோடிப் பரிசோதனையில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். குறைக்கத் தொடங்குவதை மருத்துவருக்குத் தெரிவித்துவிடுங்கள். சமைத்த சோறு ஒரு கப்பில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்து இருக்கிறது; சிவப்பரிசி, தவிடு நீக்காத அரிசி நல்லவைதான், ஆனால் அளவு கூடினால் அவையும் சீனியை ஏற்றும். குரக்கன் புட்டுக்கும் இதே நியாயம். சீனி வருத்தத்துக்குக் குரக்கன் மருந்து என்ற நம்பிக்கையில் சோற்றைவிட இரண்டு பங்கு புட்டைச் சாப்பிட்டுவிட்டு, சீனி ஏன் ஏறியது என்று வியக்கும் வீடுகள் நிறைய.

தேநீரை மறந்துவிட வேண்டாம். வயல் வேலையில் நாளுக்கு ஐந்து முறை தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று கரண்டி சீனி என்றால், 15 தேக்கரண்டி, அதாவது 60 கிராம் சீனி, சாப்பாடு என்று எவரும் எண்ணாமலே உள்ளே போகிறது. இதை அப்பாவின் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் கரண்டி கரண்டியாக அளந்து போட்டுக் காட்டுங்கள். அச்சடித்த படங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியோ தேனோ சேர்ப்பதால் கணக்கு மாறாது. எருமைத் தயிரை அளவாகச் சாப்பிடலாம். அதன்மேல் ஊற்றும் பாணியில்தான் வில்லங்கம். இவ்வளவையும் அப்பாவுக்கு விளக்குவதில் பாதி நேரத்தையாவது அம்மாவோடு செலவிடுங்கள். சமைப்பவர் அவர்தான், கிளினிக்கில் யாரும் அவரோடு பேசியிருக்க மாட்டார்கள்.

காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: யார் பேசுகிறார், என்ன விற்கிறார் என்று தெரியாத எதையும் அப்பாவுக்கு அனுப்ப வேண்டாம். கைபேசிச் செயலிகள் சிலருக்குச் சிறிதளவு உதவுகின்றன. வயலில் நிற்கும் ஒருவருக்கு ஆங்கிலச் செயலி உதவாது. துண்டுப்பிரசுரங்களில் பாதப் பராமரிப்புப் படங்கள் உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாவற்காயைக் கறியாகச் சாப்பிடுவதில் தடையில்லை. கசாயங்களையும் தூள்களையும் சேர்த்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றுள் சில, சீனியை இறக்கிக் குளிசையோடு சேர்ந்து மயக்கம் தரும். மூட்டுவலிக்கென்று எவராவது கொடுத்த பெயர் தெரியாத தூளில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால், அதுவே சீனியை உச்சிக்கு ஏற்றப் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல், காரணமில்லாத மெலிவு இருந்தால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும்; கட்டுப்பாடில்லாத நீரிழிவோடு அது சேர்ந்து வருவதுண்டு. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, தூக்கக் கலக்கம் ஆகியவற்றோடு சீனி 300க்கு மேல் நின்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கதிர்காமப் பயணத்துக்கான விடை அப்பாவின் பாதத்தில் இருக்கிறது. அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொட்டு, உணரும்போதெல்லாம் சொல்லச் சொல்லுங்கள். அழுத்தவோ தடவவோ வேண்டாம். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ அவர் அறியவில்லையென்றால், பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. அப்படியிருந்தாலோ, காலில் ஆறாத புண் இருந்தாலோ இவ்வாண்டு நடந்து போக விட வேண்டாம். பொத்துவிலைத் தாண்டி உகந்தையிலிருந்து குமண வழியாகக் காட்டுக்குள் போகும் பாதையில் சுடுமணலும் முள்ளும் இருக்கின்றன, வைத்தியசாலை இல்லை. உணர்வில்லாத காலில் ஏறிய முள்ளை அவர் அறிவது சீழ் கட்டிய பிறகுதான். கண் பரிசோதனையும் சிறுநீரில் புரதப் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை. செய்திருக்காவிட்டால் இதே சாட்டில் செய்துவிடுங்கள். பாதம் நன்றாக இருந்து, ஆடிக்கு முன் சுவர்க் கடதாசியில் சிவப்பும் நீலமும் குறைந்திருந்தால், நடைக்கேற்ப ஊசியளவைக் குறைத்து எழுதி வாங்கிக்கொண்டு, சப்பாத்தும் காலுறையும் அணிந்து, நோயைப் பற்றித் தெரிந்த ஒருவரோடு போகலாம். வெறுங்காலோடு நடப்பதுதான் நேர்த்தி என்று அவர் நினைத்தால், கோயில் வீதிக்குள் வந்த பிறகு கழற்றலாம் என்று சொல்லிப் பாருங்கள். வயல் சேற்றில் இறங்குபவராகையால், பயணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாலையில் கால் கழுவித் துடைத்த பின் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் அம்மா விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நாளாந்த வேலையாக வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். சுவரில் ஒட்டிய கடதாசி, கோப்பைப் படங்கள், இப்போது பயன்படுத்தும் இன்சுலின் குப்பியும் ஊசியும், எடுக்கும் எல்லா மருந்துகளும் ஒரே பையில் இருக்கட்டும். கேட்க வேண்டியவற்றை மூன்று வரியில் எழுதிக் கொப்பியின் மேல் ஒட்டிவிடுங்கள்: வயல் நாளுக்கு எவ்வளவு ஊசி, கிளிக்லசைட் தொடர வேண்டுமா, எச்பிஏ1சியை நம்பலாமா. சில வைத்தியசாலைகளில் நீரிழிவுக் கல்விக்கென்றே பயிற்சி பெற்ற தாதிய உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இருந்தால் ஊசி போடும் முறையை அவர்களிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அப்பாவுக்குத் தனிப்பட்ட இலக்கு என்ன என்றும் கேளுங்கள். பலருக்கு எச்பிஏ1சி 7 என்பது இலக்கு. மயங்கி விழுந்த வரலாறு உள்ளவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வைப்பதுண்டு. 10.8 இலிருந்து 9க்கு வருவதே முதல் கட்டத்தில் பெரிய இறக்கம். மூன்று மாதம் ஆவதற்குள் மறுபடியும் அந்தப் பரிசோதனையை எடுப்பதில் பயன் அதிகம் இல்லை.

அப்பாவைக் கல்லடிக்கு அழைத்து வருவதை இப்போதைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். உங்கள் கண்காணிப்பில் சில வாரம் எண்கள் அழகாக இருக்கும். ஆனால் அந்த வீட்டில் அவருக்கு வயலும் இல்லை, நடையும் இல்லை, தானாக முடிவெடுக்கும் வேலையும் இல்லை. வாரத்தில் ஒருமுறை நீங்கள் போய், கடதாசியைச் சேர்ந்து பார்ப்பது போதும், இடைப்பட்ட நாட்களில் தொலைபேசியில், "சீனி எவ்வளவு?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு எந்த நேரம் பார்த்தீங்க, ஏன் அப்படி வந்தது என்று நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். வெட்டு முடிந்து வேலை ஓய்ந்த காலத்தில் பத்துப் பதினைந்து நாள் வந்து தங்குவாரானால் நல்லதுதான். அப்போது வேலை குறைவதால் ஊசித் தேவை கூடலாம் என்பதை முன்னரே மருத்துவரிடம் சொல்லி அளவை எழுதி வாங்குங்கள், வெல்லாவெளிக்குத் திரும்பி வயலில் இறங்கும் நாளிலிருந்து பழைய வயல்நாள் அளவுக்கே மாற மறக்க வேண்டாம்.